கைக்குக் கை: ஸர்ஃபின் சட்டமும் கடல் கடந்த ரூபாயும்

மாலிக் இப்னு அவ்ஸ் என்பார் நூறு தீனார்களை வைத்துக்கொண்டு, அவற்றை வெள்ளித் திர்ஹங்களாக மாற்றித் தருவார் யாரேனும் உண்டா என மதீனாவில் வினவினார். தல்ஹா இப்னு உபைதில்லாஹ் (ரலி) அவர்கள் அவரை அழைத்து விலை பேசி முடித்தார்கள். பொற்காசுகளை வாங்கிக் கையில் புரட்டிப் பார்த்தார்கள். பின்னர், தம்முடைய பொருட்காவலர் அல்ஙாபாவிலிருந்து திரும்பியதும் வெள்ளியைப் பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த உமர் (ரலி) அவர்கள் குறுக்கிட்டார்கள். வெள்ளியைக் கையில் பெறாமல் தல்ஹாவை விட்டுப் பிரியக்கூடாது என மாலிக்கிற்கு உத்தரவிட்டு, பொன்னுக்கு வெள்ளியை மாற்றுவது உடனுக்குடன் நிகழாவிட்டால் அது ரிபாவாகிவிடும் என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ்களிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

தல்ஹா (ரலி) அவர்களின் நேர்மையில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. சுவனத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மருள் அவர்களும் ஒருவர், பெருஞ்செல்வர், பொருட்காவலர் வந்ததும் வெள்ளியை எண்ணிக் கொடுத்திருப்பார்கள். எனவே உமர் (ரலி) அவர்களின் குறுக்கீடு மனிதரைப் பற்றியதன்று, பரிமாற்றத்தின் வடிவத்தைப் பற்றியது. நாணயமாற்றின் வரலாற்றைப் பயில்வோர் இந்த வேறுபாட்டை முதலில் மனத்திலிருத்த வேண்டும். இன்று விமான நிலையத்தில் நாணய அறிவிப்புப் படிவத்தை நீட்டும் அதிகாரி தம்மைத் திருடனாக எண்ணுகிறார் என்று வருந்துகிற நம்மவர்க்கும் இது பயன்படும்.

பொன்னுக்குப் பொன், வெள்ளிக்கு வெள்ளி என ஓரினப் பொருள்கள் மாற்றப்படும்போது அளவும் சமமாக இருக்கவேண்டும், கைமாற்றமும் அங்கேயே முடியவேண்டும். இனங்கள் வேறுபட்டால் விரும்பிய விலைக்கு விற்கலாம், ஆயினும் கைமாற்றம் அங்கேயே முடியவேண்டும் என்பது உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. ஃபிக்ஹு அறிஞர்கள் இவ்வணிகத்திற்கு ‘ஸர்ஃபு’ எனப் பெயரிட்டனர். விலை எவ்வளவு என்பதை ஷரீஅத் நிர்ணயிக்கவில்லை. அது மாறக்கூடியது என்பதற்கு ஃபிக்ஹு நூல்களே சான்று. ஸகாத்தின் நிஸாபு 20 தீனார் அல்லது 200 திர்ஹம். அதாவது ஒரு தீனாருக்குப் பத்துத் திர்ஹம். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் தியத் எனும் இழப்பீட்டுத் தொகை 1,000 தீனார் அல்லது 12,000 திர்ஹம் என வரையறுக்கப்பட்டபோது அவ்விகிதம் பன்னிரண்டாகிவிட்டிருந்தது.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒட்டக வணிகம் செய்தார்கள். சில வேளைகளில் தீனாருக்கு விற்றுத் திர்ஹமாகப் பெறுவார்கள். சில வேளைகளில் திர்ஹத்திற்கு விற்றுத் தீனாராகப் பெறுவார்கள். இது கூடுமா என நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அன்றைய நாளின் விலைப்படி பெற்றுக்கொண்டு, இருவருக்குமிடையே பாக்கி எதுவும் இல்லாத நிலையில் பிரிந்தால் குற்றமில்லை எனப் பதில் கிடைத்தது. அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது. கைமாற்றம் உடனே முடியவேண்டும், விலை அந்நாளின் விலையாக இருக்கவேண்டும் என்ற இரு நிபந்தனைகளும் உலோகக் காசுகள் புழங்கிய சந்தைக்கு எளியவை. காசு காகிதமாகி, காகிதம் பேரேட்டு வரியாக மாறிய காலத்தில் ‘கை’ என்பது எது என்ற வினா எழுந்தது. அவ்வினாவை நம் மக்கள் நேரடியாகச் சந்தித்த இடங்களில் ஒன்று அரபுக் கடலோரம்.

அப்துல் மலிக் இப்னு மர்வான் ஹிஜ்ரி 77-இல் உருவங்களற்ற தீனாரை அச்சிடும்வரை பைசாந்தியப் பொன்னும் சாசானிய வெள்ளியுமே அரபுச் சந்தைகளை ஆண்டன. அதன் பின்னரும் காசுகளின் எடையும் மாற்றும் ஊருக்கு ஊர் வேறுபட்டதால் ‘ஸர்ராஃபு’ இன்றி எந்நகரமும் இயங்கவில்லை. கி.பி. 1051-இல் பஸ்ராவுக்கு வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரூ, அங்குள்ள வணிகர்கள் தம் பொருளை ஸர்ராஃபிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்று, வாங்கும் சரக்கிற்கெல்லாம் அச்சீட்டையே கொடுத்ததாக எழுதியிருக்கிறார். (ஹம்மாமுக்குக் கொடுக்கக்கூடக் காசில்லாத நிலையில் அந்நகருக்குள் நுழைந்தவர் அவர், ஆகையால் பிறர் கைக்காசைக் கூர்ந்து கவனித்திருப்பார் போலும்.) அந்த அரபுச் சொல்லே தமிழில் ‘சராப்பு’ ஆயிற்று. காசு மாற்றும்போது கழித்துக்கொள்ளும் தள்ளுபடியை நம் முன்னோர் ‘வட்டம்’ என்றனர். மாற்றுமிடம் ‘காசுக்கடை’ எனப்பட்டது. சிங்கப்பூரின் சேஞ்ச் ஆலியில் தமிழ் முஸ்லிம்கள் நாணயமாற்றுத் தொழிலில் நிலைபெற்றது இந்த நீண்ட மரபின் பிற்காலக் கிளை.

ஹிஜாஸில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை காகிதப் பணத்திற்கு மதிப்பில்லை. ஆங்கிலேயப் பவுனும், 1780 என்ற ஆண்டையே தாங்கி மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்ட மரியா தெரசா வெள்ளி நாணயமும், இந்திய வெள்ளி ரூபாயும் அங்கே புழங்கின. மன்னர் அப்துல் அஸீஸ் 1928-இல் வெள்ளி ரியாலை வெளியிட்டார். 1935-இல் அதன் அளவு குறைக்கப்பட்டு, எடையிலும் மாற்றிலும் இந்திய ரூபாய்க்கு இணையாக்கப்பட்டது. ஹாஜிகள் கொண்டுவந்த ரூபாய்க்கு அந்நாட்டின் பொருளாதாரத்தில் இருந்த இடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு வேண்டியதில்லை.

1952-இல் சவூதி அரேபிய நாணய முகமை நிறுவப்பட்டபோது, வட்டி கொடுப்பதும் வாங்குவதும் அதற்குத் தடைசெய்யப்பட்டன. காகித நோட்டு வெளியிடும் உரிமையும் வழங்கப்படவில்லை. ஆனால் பருவத்தில் திரளும் ஹாஜிகள் வெள்ளி மூட்டைகளைச் சுமந்து திரிவது எங்ஙனம்? 1953-இல் முகமை ‘ஹாஜிகளுக்கான ரசீது’ என்ற பெயரில் பத்து ரியால் தாள் ஒன்றை வெளியிட்டது. வெள்ளி முகமையிடம் வைப்பாக இருக்கிறது, கேட்டவுடன் கிடைக்கும் என்பது அதன் பொருள். அரபி, பாரசீகம், உருது, துருக்கி, மலாய், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்ட அந்தத் தாளை ஹாஜிகள் மட்டுமல்ல, உள்ளூர் வணிகர்களும் விரும்பி ஏற்றனர். பிறகு ஐந்து ரியால், ஒரு ரியால் ரசீதுகளும் வந்தன. பெயரில் ரசீது, செயலில் பணம். முறையான காகித ரியால் 1961-இல் வெளிவந்தபோது மக்கள் அதற்கு ஏற்கெனவே பழகிவிட்டிருந்தனர்.

இதே ஆண்டுகளில் வளைகுடாவின் மறுகரையில் வேறொரு கதை நடந்தது. குவைத், பஹ்ரைன், கத்தார், இன்றைய ஐக்கிய அரபு அமீரகமான ஒப்பந்த நாடுகள், ஓமான் ஆகிய பகுதிகளில் இந்திய ரூபாயே அன்றாடப் பணம். இந்தியாவில் பொன் இறக்குமதிக்குத் தடை இருந்ததால் இங்கு அதன் விலை உலகச் சந்தையினும் மிக உயர்ந்திருந்தது. துபாயில் வாங்கிய பத்துத் தோலா பிஸ்கட்டுகள் மரக்கலங்களில் ஏறி மேற்குக் கரையில் இறங்கின. அவற்றுக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட ரூபாய் நோட்டுகள் அதே வழியில் வளைகுடாவுக்குத் திரும்பி, அங்குள்ள வங்கிகளில் செலுத்தப்பட்டு, ஸ்டெர்லிங் கோரி மீண்டும் ரிசர்வ் வங்கியிடம் வந்தன. அங்குள்ள மக்கள் நேர்மையாக ஈட்டிய ரூபாயையும், கடத்தல் பொன்னின் விலையாகச் சென்ற ரூபாயையும் பிரித்தறிய வழியில்லை. நாட்டின் அந்நியச் செலாவணி இருப்பு இவ்வாறு கரைந்தது.

1959 மே மாதம் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டுகள் வெளியிடப்பட்டன. அமைப்பு ஒன்றே, நிறம் வேறு. சிவப்பில் ஒரு ரூபாயும் பத்து ரூபாயும், ஆரஞ்சில் ஐந்து, பச்சையில் நூறு. எண்ணுக்கு முன் ‘இசட்’ என்னும் எழுத்து. இந்தியாவின் கடைவீதியில் அவை செல்லா. பம்பாயிலுள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் மட்டுமே மாற்றலாம்.

அதே 1959-இல் ஹஜ் கமிட்டிச் சட்டம் நிறைவேறியது. ஹாஜிகளுக்கெனத் தனி நோட்டுகளும் வந்தன. பத்து ரூபாய் நீலத்தில், நூறு ரூபாய் சிவப்பில். ‘ஹஜ்’ என்ற சொல் பொறிக்கப்பட்டு, எண்ணின் முன்னே ‘எச்.ஏ.’ என்ற எழுத்துகள். பாகிஸ்தான் 1950 முதலே தன் ஹாஜிகளுக்கு இத்தகைய நோட்டுகளை வழங்கி வந்தது. பம்பாய் முஸாஃபிர்கானாவில் தங்கி முகல் லைன் கப்பலுக்குக் காத்திருந்த பயணி, பல்லாண்டு சேமித்த சாதாரண ரூபாயைக் கொடுத்து ஹஜ் ரூபாயைப் பெற்று, அதை ஜித்தாவில் ரியாலாக மாற்றிக்கொண்டார். ஃபிக்ஹுக் கண்ணோடு நோக்கினால் இங்கு இரண்டு பரிமாற்றங்கள் உள்ளன. வெளியிடும் அரசு வேறானால் நாணயத்தின் இனமும் வேறு என்பது இக்கால ஃபிக்ஹு அவைகளின் நிலைப்பாடு. சாதாரண ரூபாயையும் ஹஜ் ரூபாயையும் வெளியிட்டது ஒரே வங்கி. ஆகவே அவை ஓரினம், நூறுக்கு நூறுதான் மாறவேண்டும், இடையே எவரேனும் தரகு வைத்தால் அது ஐயத்திற்குரியது. ஜித்தாவில் நிகழ்வது வேற்றினப் பரிமாற்றம். அங்கே விலை சந்தையினுடையது. நிறம் மாறிய நோட்டு என்பதற்காக இனம் மாறிவிடாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வளைகுடா ரூபாய் நீடிக்கவில்லை. குவைத் 1961-இல் ஒரு தீனாருக்குப் பதின்மூன்றும் மூன்றிலொரு பங்கும் ரூபாய் என்ற விகிதத்தில் தன் நாணயத்திற்கு மாறியது. 1965-இல் பஹ்ரைன் பத்து ரூபாய்க்கு ஒரு தீனார் எனக் கணக்கிட்டுப் பிரிந்தது. 1966 ஜூன் 6 அன்று இந்திய அரசு ரூபாயின் மதிப்பை 36.5 விழுக்காடு குறைத்தது, டாலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆனது. கத்தாரிலும் துபாயிலும் நோட்டை வைத்திருந்தவர்களின் செல்வத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே நாளில் போயிற்று. அவர்களைக் கேட்டுச் செய்யப்பட்ட முடிவல்ல அது. அவ்வரசுகள் உடனடியாகச் சவூதி ரியாலை நாடிப் பின் தமக்கென நாணயம் கண்டன. ஓமான் மட்டும் 1970 வரை ரூபாயோடு இருந்தது. ஓமானிய ரியாலின் ஆயிரத்திலொரு பங்கு இன்றும் ‘பைஸா’ என்றே வழங்குவதும், பஹ்ரைனில் நூறு ஃபில்ஸை முதியோர் ‘ருபிய்யா’ என்பதும் எஞ்சிய சுவடுகள்.

காகிதம் வெறும் கடன் சீட்டா, பொன் வெள்ளியின் இடத்தில் நிற்கும் பணமா என்ற விவாதம் ஆலிம்களிடையே நெடுநாள் நடந்தது. கடன் சீட்டு என்று கொண்டால், சீட்டைக் கொடுத்துச் சீட்டை வாங்குவது பணத்தைக் கைப்பற்றியதாகாது, ஸர்ஃபே கைகூடாது. 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, காகித நாணயம் தன்னளவிலேயே பணம், ரிபாவிலும் ஸகாத்திலும் பொன் வெள்ளிக்குரிய சட்டங்கள் அனைத்தும் அதற்குண்டு என முடிவு செய்தது. 1966-இன் இழப்பைக் கண்ட தலைமுறைக்குப் பொன்னும் காகிதமும் ஒன்றல்ல என்பது நன்கு தெரியும். ஆயினும் இம்முடிவின்றி உழைப்பாளியின் சம்பளத்திற்கு ஸகாத்தும் இல்லை, ரிபாவிலிருந்து காப்பும் இல்லை என்றாகியிருக்கும்.

இந்தியாவில் செலாவணிக் கட்டுப்பாடு 1939-இல் போர்க்கால நடவடிக்கையாகத் தொடங்கியது, 1947-இல் சட்டமாயிற்று, 1973-இன் சட்டத்தால் கடுமையடைந்தது. 1999-இல் இயற்றப்பட்டு 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், குற்றவியல் தன்மையை நீக்கி அதை உரிமையியல் சட்டமாக்கியது. இடையில், வளைகுடாவுக்குச் சென்ற உழைப்பாளரின் பணம் தாயகம் வருவதற்கென வங்கிக் கணக்குகள் வகுக்கப்பட்டன. 1970-இல் தோன்றிய என்.ஆர்.ஈ. கணக்கில் வெளிநாட்டுப் பணம் அன்றைய விலையில் ரூபாயாக மாற்றி வைக்கப்படும். விரும்பினால் மீண்டும் வெளியே கொண்டுசெல்லலாம். 1975-இல் தொடங்கி 1993-இல் புதிய வடிவம் பெற்ற எஃப்.சி.என்.ஆர். வைப்பில் டாலர் டாலராகவே இருக்கும். முன்னதில் ஸர்ஃபு நிகழ்கிறது. பின்னதில் ஸர்ஃபே இல்லை. இவற்றில் சேரும் வட்டியின் விதி வேறு விவகாரம். அதைக் கொண்டு நாணயமாற்றின் செல்லுபடியை மதிப்பிடலாகாது.

ரொக்க நோட்டாகக் கொண்டுவருவோருக்கான விதி இது. எவ்வளவு கொண்டுவரலாம் என்பதற்கு உச்சவரம்பில்லை. ஆனால் நோட்டுகள் மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, பயணக் காசோலைகளும் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினாலோ, இறங்கும்போதே சுங்கத்தில் நாணய அறிவிப்புப் படிவம் கொடுக்கவேண்டும். அத்தொகையைப் பின்னர் என்.ஆர்.ஈ. கணக்கில் செலுத்துகையில் முத்திரையிட்ட அப்படிவத்தை வங்கி கேட்கும். கணக்குக்குரியவர் தாயகத்திற்குத் தற்காலிகமாக வந்திருக்கையில் தாமே நேரில் செலுத்தவும் வேண்டும். மைத்துனர் கையில் ரியால் கட்டைக் கொடுத்தனுப்பி, ‘வங்கியில் போட்டுவிடு’ என்பது செல்லாது. வாங்கிய நோட்டுக்கு வங்கி தரும் விலை, கம்பி வழியாக வரும் பணத்துக்குத் தரும் விலையிலும் குறைவு. நோட்டைப் பாதுகாத்து, காப்பீடு செய்து, தேவைப்படும் இடத்திற்கு அனுப்பும் செலவு அதில் அடங்கியிருக்கிறது. இது நம் பழைய ‘வட்டம்’தான். இனங்கள் வேறாகையால் இக்குறைவு ரிபாவாகாது. சிலர் அவ்வாறு எண்ணி மனம் சஞ்சலப்படுவதற்கு அடிப்படையில்லை.

சஞ்சலப்பட வேண்டிய இடம் வேறு. முகப்பில் ரியாலைக் கொடுக்கிறோம். கையில் வருவது ரூபாயன்று, கணக்கில் ஒரு வரி. இது ‘கைக்குக் கை’ ஆகுமா? 1990-இல் ஜித்தாவில் நடந்த ஆறாம் அமர்வில் ஃபிக்ஹு அகாடமி இதற்கு விடையளித்தது. ஒருவர் கணக்கில் தொகையை வரவு வைப்பதும், வங்கியுடன் அவர் உடனடி நாணயமாற்று ஒப்பந்தம் செய்து வாங்கிய தொகையை அவர் கணக்கில் பதிவதும் ‘கப்ளு ஹுக்மீ’, அதாவது சட்டத்தின் பார்வையில் கைப்பற்றலே. வழக்கமான பதிவுத் தாமதம் பொறுத்துக்கொள்ளப்படும்; ஆனால் தொகை மெய்யாகக் கைக்கு எட்டும்வரை அதைப் பயன்படுத்தலாகாது. இதன்படி, வங்கி நோட்டுகளை ஆய்வுக்கு அனுப்பிப் பின்னரே வரவு வைப்பதாகச் சொல்லும் சில வேளைகளில், விலையையும் வரவு வைக்கும் நாளிலேயே முடிவு செய்யுமாறு கேட்பதே ஒழுங்கு. இன்றைய விலையைப் பூட்டிவிட்டு, ரூபாயை வாரம் கழித்துத் தருவதாகச் சொல்வது அல்ஙாபாவிலிருந்து பொருட்காவலர் வரட்டும் என்பதற்கு வேறன்று.

உண்டியலைப் பற்றி இங்கே பேசாமல் போவது நேர்மையாகாது. ஹவாலா என்ற அரபுப் பெயர் இருப்பதாலேயே அது ஷரீஅத் ஒப்பிய முறை என்றும், அரசு மட்டுமே அதைத் தடுக்கிறது என்றும் நம்மிடையே ஓர் எண்ணம் உலவுகிறது. ஃபிக்ஹில் ஹவாலா என்பது ஒருவர் மீதுள்ள கடனை இன்னொருவர் மீது மாற்றுவது. திர்ஹத்தைக் கொடுத்து ஊரில் ரூபாய் பெறுவதில் அதற்கு முன்பே ஒரு ஸர்ஃபு இருக்கிறது. 1995-இல் அபூதாபியில் கூடிய அகாடமி இதைத் தெளிவாகப் பிரித்தது: அனுப்பும் நாணயம் வேறானால் முதலில் ஸர்ஃபு முடியவேண்டும், பணம் கையளிக்கப்பட்டு, விலை ஒப்புக்கொள்ளப்பட்டு, ஏட்டில் பதிவாகி, அவ்விலையைக் காட்டும் ஆவணம் கொடுத்தவர் கைக்கு வரவேண்டும், அதன் பிறகே அனுப்புதல். அந்த ஆவணமே கையின் இடத்தில் நிற்கிறது. உண்டியலிலோ பத்து ரூபாய் நோட்டின் எண்ணே அடையாளம். பதிவில்லை, ரசீதில்லை, பணம் போய்ச்சேராவிட்டால் வழக்கிடவும் வழியில்லை. நாட்டின் சட்டத்தை மீறுவது ஒருபுறமிருக்க, ஸர்ஃபின் நிபந்தனையே அதில் நிறைவேறுவதில்லை. விரைவு, நல்ல விலை, வீட்டு வாசலில் பட்டுவாடா ஆகிய வசதிகளுக்காக எளியோர் அதை நாடினர் என்பதை நாம் அறிவோம். விடுமுறை நாளில் மட்டும் முகாமை விட்டு வெளிவர முடிந்த தொழிலாளியின் நிலை அத்தகையது. இன்று கைபேசியிலேயே பரிமாற்ற நிறுவனங்களின் சேவை கிடைப்பதால் அந்நியாயம் பெரிதும் வலுவிழந்துவிட்டது.

ஹாஜிகளுக்குத் தரப்பட்ட தனி இடம் வேறு வடிவில் தொடர்கிறது. பொதுவாக வெளிநாடு செல்லும் பயணி ஒரு பயணத்திற்கு 3,000 டாலர் வரையே நோட்டாக வாங்கமுடியும். மிகுதியை அட்டையாகவோ வேறு வகையிலோ கொண்டுசெல்ல வேண்டும். ஹஜ், உம்ரா செல்வோர்க்கு, ஓராண்டுக்குரிய 2,50,000 டாலர் தகுதி முழுவதையுமோ ஹஜ் கமிட்டி குறிக்கும் வரம்புவரையிலோ நோட்டாகவே வழங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 2022 வரை ஹஜ் கமிட்டியே புறப்படும் இடத்தில் தலைக்கு 2,100 ரியாலை ரொக்கமாக அளித்து வந்தது. 2023 முதல் ஹாஜி தாமே மாற்றிக்கொள்கிறார். விலை வங்கிக்கு வங்கி வேறுபடுவதால் இரண்டு இடங்களில் விசாரிப்பது நல்லது.

மீந்து வருகிற ரியாலுக்கும் விதியுண்டு. 2,000 டாலர் மதிப்புவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதைத் திரும்பிய 180 நாளுக்குள் விற்கவேண்டும், அல்லது உள்நாட்டினருக்கான ஆர்.எஃப்.சி. கணக்கில் வெளிநாட்டு நாணயமாகவே செலுத்தலாம். அது நடப்புக் கணக்கு வகை, வட்டி சேர்வதில்லை. சில்லறைக் காசுகளுக்கு மட்டும் வரம்பு கிடையாது. அவற்றை எந்த வங்கியும் வாங்குவதுமில்லை. பல வீடுகளில் ஸம்ஸம் குப்பிக்கும் தஸ்பீஹுக்கும் பக்கத்தில் அவை கிடக்கின்றன.